சிறையில் இருப்பவருக்காக ஒரு கடிதம்: யாருக்கு, எப்படி, எத்தனை தடவை

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண் கேட்டிருக்கும் கேள்வி இது. ஆயுதம் எடுக்காமல், பேசியதற்காகவும் எழுதியதற்காகவும் கூட்டம் போட்டதற்காகவும் மட்டுமே சிறையில் இருப்பவர்களை விடச் சொல்லி நாலு பேர் கடிதம் எழுதினால் நிஜமாகவே ஏதாவது நடக்குமா? நடக்கும் என்றால் எங்கே ஆரம்பிப்பது, எத்தனை நாள் எழுதுவது? எழுதினால் தன் மேல் கேஸ் வருமா?

நடக்கும். எல்லா நேரமும் நடக்காது, நினைத்த வேகத்திலும் நடக்காது. ஆனால் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் எனக்கு இதில் என்ன அனுபவம் என்று சொல்லிவிடுகிறேன். 1976 பிப்ரவரியில் எனக்குப் பத்தொன்பது வயது. நெருக்கடி நிலைக் காலம். சென்னை சூளைப் பகுதியில் எங்கள் தெருவில் இருந்த ஒரு கட்சிக் கிளைச் செயலாளரை, விசாரணையில்லாமல் அடைக்கும் மிசா சட்டத்தில் பிடித்துக்கொண்டு போய் வெளியூர்ச் சிறை ஒன்றில் வைத்தார்கள். ஜனவரி 31-ஆம் தேதி இங்கே ஆட்சியைக் கலைத்திருந்தார்கள், அதற்கடுத்த வாரம் அது. அவர் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் கல்லூரி விட்டு வந்தால் ஒரு முழுத்தாளோடு எங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார். "தம்பி, இன்னிக்கும் ஒண்ணு எழுதிக் குடுப்பா" என்பார். கலெக்டருக்கு, சிறைக் கண்காணிப்பாளருக்கு, உள்துறைச் செயலாளருக்கு, கவர்னருக்கு என்று பதினோரு மாதத்தில் நாற்பது மனுவுக்கு மேல் எழுதியிருப்பேன். 1977 ஜனவரியில் தேர்தல் அறிவித்த பிறகு எல்லோரையும் போல அவரும் வெளியே வந்தார். என் மனுக்களால் வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழாவது மனுவோ எட்டாவதோ போன பிறகு அவருக்கு ஆஸ்துமா மாத்திரை ஒழுங்காகக் கிடைக்க ஆரம்பித்தது. ஒரு நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்காக வெளியில் யாரோ எழுதிக்கிட்டே இருக்காங்க" என்று சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்தை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு அரசு வேலை கிடைத்தது. முப்பது வருடம் ஒரு அலுவலகத்தில் பெரும்பாலும் தபால் பிரிவில் இருந்தேன். ஒரு கடிதம் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது.

கடிதத்தை அமைச்சர் படிக்கிறாரா என்று கேட்கிறார்கள். படிக்க மாட்டார். தபால் பிரிவில் ஒருவர் உறையைப் பிரித்து முத்திரை போட்டுத் தேதி எழுதுவார். அது ஒரு இருக்கைக்குப் போகும். அங்கே அந்த இருக்கைக்காரர் வைத்திருக்கும் தன்பதிவேட்டில் ஏறும், ஒரு ந.க. எண், அதாவது கோப்பு எண், விழும். அந்த எண் விழுந்துவிட்டால் அப்புறம் அந்தத் தாளுக்கு ஒருவர் பொறுப்பு. மாதக் கடைசியில் நிலுவை எத்தனை என்று மேலதிகாரி கேட்பார். அதே பொருளில் இன்னொரு கடிதம், இன்னொரு நினைவூட்டு என்று வர வர கோப்பு தடிக்கும். தடித்த கோப்பை யாரும் கீழே வைத்துக்கொள்ள விரும்ப மாட்டார்கள், மேலே அனுப்புவார்கள். இது தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்காதீர்கள். கொழும்பாக இருந்தாலும் மின்ஸ்க் ஆக இருந்தாலும், அதிகாரம் காகிதத்தில் ஓடுகிற எந்த ஊரிலும் ஏறக்குறைய இப்படித்தான். 1975-இல் டொமினிகன் குடியரசில் ஹூலியோ தே பெஞ்யா வால்தேஸ் என்ற தொழிற்சங்கத் தலைவரைச் சிறையில் வைத்திருந்தார்கள். அவர் பிறகு சொன்னது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். முதல் இருநூறு கடிதம் வந்ததும் காவலர்கள் அவர் உடைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த இருநூறு வந்ததும் சிறை அதிகாரி நேரில் பார்க்க வந்தார். அதற்கடுத்த கட்டு வந்ததும் அந்த அதிகாரி தன் மேலதிகாரியிடம் பேசினார். மூவாயிரம் வரை வந்த பிறகு விஷயம் ஜனாதிபதி வரை போனது. கடைசியில் அவரே விடச் சொன்னார். தபால் பிரிவில் இருந்தவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கோப்பு ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊரில் இப்படியெல்லாம் யார் செய்தார்கள் என்று சிலர் கேட்பார்கள். இது ஏதோ லண்டன் பழக்கம் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. லண்டன் வழக்கறிஞர் பீட்டர் பெனன்சன் 'மறக்கப்பட்ட கைதிகள்' பற்றி அப்சர்வர் பத்திரிகையில் எழுதியது 1961 மே 28-இல். அதிலிருந்துதான் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு பிறந்தது, 'மனசாட்சிக் கைதி' என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு 44 வருடம் முன்னாலேயே மயிலாப்பூரில் ஒரு பெரியவர் இதைச் செய்துவிட்டார்.

1917 ஜூன். சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு. அன்னி பெசன்ட்டும் அவரோடு அருண்டேல், வாடியா இருவரும் ஹோம் ரூல், அதாவது தன்னாட்சி, கேட்டு எழுதினார்கள், பேசினார்கள். பெசன்ட்டின் 'நியூ இந்தியா' பத்திரிகைக்கு ஏற்கனவே ஜாமீன் தொகை கேட்டு நெருக்கியிருந்தார்கள். அதுவும் போதாது என்று மூன்று பேரையும் சென்னையை விட்டு அகற்றி ஊட்டியில் காவலில் வைத்தார்கள். விசாரணையும் கிடையாது, தண்டனையும் கிடையாது, வெறும் உத்தரவு. அப்போது எஸ். சுப்பிரமணிய ஐயர், ஊரில் மணி ஐயர் என்பார்கள், எழுபத்து நான்கு வயதுக்காரர். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், தலைமை நீதிபதி பொறுப்பையும் வகித்தவர். பார்வை மங்கி 1907-இல் ஓய்வு பெற்றவர். சர் பட்டம் வேறு. சும்மா வீட்டில் இருந்திருக்கலாம். ஜூன் 24-ஆம் தேதி அவர் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இங்கே நடப்பதைச் சொல்லி, உங்கள் சொல்லுக்கு பிரிட்டன் செவி கொடுக்கும் என்று கேட்டார். தபாலில் போட்டால் தணிக்கையில் மாட்டும் என்பதால் அமெரிக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தம்பதி வழியாகக் கையில் கொடுத்தனுப்பினார்.

கடிதம் மட்டும் அல்ல. நாடெங்கும் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. அதுவரை ஹோம் ரூல் லீகில் சேராத ஜின்னா போன்றவர்கள் இந்தக் கைதுக்குப் பிறகுதான் சேர்ந்தார்கள். லண்டன் அரசில் இந்திய விவகார மந்திரியாக வந்த மான்டேகு தன் நாட்குறிப்பில், மனைவியை ஐம்பத்திரண்டு துண்டாக வெட்டிய சிவன் தனக்கு ஐம்பத்திரண்டு மனைவிகள் இருப்பதைக் கண்டாராம், பெசன்ட்டைக் காவலில் வைத்த அரசுக்கும் அதுதான் நேர்ந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். செப்டம்பரில் மூவரையும் விட்டுவிட்டார்கள். டிசம்பரில் பெசன்ட் காங்கிரஸ் தலைவர். மறு வருடம் வில்சனுக்கு எழுதிய கடிதம் வெளியே தெரிந்து, லண்டன் பார்லிமெண்டில் மான்டேகு மணி ஐயரைக் கடுமையாகக் கண்டித்தார். மணி ஐயர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் யாருக்கு எழுதினார் என்பது. பென்ட்லண்டுக்கு எழுதிப் பயன் இல்லை என்று தெரிந்து, பென்ட்லண்டின் மேலிடம் யார் பேச்சைக் கேட்கும் என்று யோசித்திருக்கிறார். போர்க்காலத்தில் பிரிட்டனுக்கு அமெரிக்கா தேவைப்பட்டது. இன்றும் யாருக்காவது கடிதம் எழுத உட்காரும்போது நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இவரை விடுவதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்?

இதற்கு நேர் எதிரான கதையும் நம்மிடம் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. வ.உ.சி.க்கு 1908-இல் விதித்தது இரட்டை ஆயுள், மொத்தம் நாற்பது வருடம். மேல்முறையீட்டில் குறைந்தது. கோவையில் செக்கிழுத்து, கண்ணூர்ச் சிறையிலிருந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வாசலில் கூட்டம் இல்லை. கப்பல் ஓட்டியபோது தூத்துக்குடியே பின்னால் நின்ற மனிதர் அவர். வக்கீல் தொழில் செய்யும் உரிமை போய்விட்டது, சொந்த ஜில்லாவுக்குத் திரும்ப முடியவில்லை. சென்னைக்கு வந்து கடை வைத்துப் பிழைக்கப் பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று சேர்த்துக் கொடுத்த பணத்தைக் கேட்டு காந்திக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டு, அது அவர் கைக்கு வந்து சேர 1916 ஆகிவிட்டது. பணம் கொடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சேர்ப்பது சுலபம், போய்ச் சேர வேண்டியவர் வீட்டுக்கு அந்த மாதமே போய்ச் சேர்க்க ஒருவர் வேண்டும்.

பாரதியை 1918 நவம்பர் 20-இல் கடலூரில் பிடித்தார்கள். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், ரங்கசாமி ஐயங்கார் போன்றோர் தலையிட, டிசம்பர் 14-இல் வெளியே வந்தார். ஆனால் நிபந்தனைகளோடு: எங்கே குடியிருப்பது என்பதிலும், எழுதுவதைப் போலீஸுக்குக் காட்டுவதிலும். கேட்கும்போது 'நிபந்தனையில்லாமல்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

சரி, யாருக்காகக் கேட்பது?

நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் பழையது. அவர் வன்முறையைக் கையாண்டிருக்கக் கூடாது, மற்றவரை அதற்குத் தூண்டியிருக்கக் கூடாது. அவர் கருத்து எனக்குப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த அளவுகோல் வலிக்கும் இடங்கள் உண்டு. 1964-இல் நெல்சன் மண்டேலாவை மனசாட்சிக் கைதியாக ஏற்க முடியாது என்று ஆம்னஸ்டி முடிவு செய்தது, அவர் ஆயுதப் போராட்டத்தை ஏற்றிருந்ததால். அவர் நியாயமான விசாரணைக்கும் மனிதத்தன்மையான நடத்தைக்கும் உரியவர் என்று தொடர்ந்து கேட்டார்கள், விடுதலை கேட்கவில்லை. அது தவறு என்று இன்றும் வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மண்டேலா மேல் அளவற்ற மரியாதை, ஆனாலும் அந்தக் கோடு இருந்ததால்தான் மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்காக எழுதிய கடிதத்துக்கு மதிப்பு இருந்தது என்று நினைக்கிறேன். விடுதலைப் பிரச்சாரம் என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ராஜீவ் காந்தி கொலை வழக்கின் எழுவர் விடுதலையும், பேரறிவாளனின் தாய் அற்புதம்மாளும்தான் நினைவுக்கு வருவார்கள். ஒரு தாய் முப்பது வருடம் படியேறினால் என்ன ஆகும் என்பதற்கு அவரைவிடப் பெரிய பாடம் கிடையாது. 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது, நவம்பரில் மற்ற ஆறு பேரை. ஆனால் அது கொலை வழக்கில் தண்டனைக் குறைப்பும் முன்விடுதலையும் பற்றியது. சட்டப் பாதை வேறு, வைக்கும் வாதம் வேறு. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டுமே கெடும்.

ஆம்னஸ்டியின் ஆரம்ப காலக் குழுக்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு குழுவும் மூன்று கைதிகளை எடுத்துக்கொள்ளும்: மேற்கு நாடு ஒன்றில் ஒருவர், கம்யூனிஸ்ட் நாடு ஒன்றில் ஒருவர், மூன்றாம் உலகில் ஒருவர். யாரும் இவர்களை ஒரு பக்கத்து ஆட்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்த வழக்கத்தை நான் தனியாளாகப் பின்பற்றுகிறேன். என் நோட்டில் எப்போதும் மூன்று பெயர் இருக்கும். அதில் ஒருவராவது எனக்கு அரசியலில் ஆகாதவராக இருப்பார். அவருக்காக எழுதும்போது கை தயங்கும். தயங்கினாலும் எழுதுகிறேன்.

தமிழ் தெரிந்தவர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. அதற்கு இரண்டு உதாரணம், இரண்டும் இலங்கையில். அங்கே பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இலிருந்து இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியாக ஏற்கும் சட்டம். ஜே.எஸ். திசைநாயகம் என்ற பத்திரிகையாளரை 2008 மார்ச்சில் பிடித்தார்கள். அவர் எழுதிய கட்டுரைகளுக்காக 2009 ஆகஸ்ட் 31-இல் இருபது வருடக் கடூழியச் சிறை விதித்தார்கள். அதற்கு முன்பே, அந்த வருட மே மாதம், உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளையொட்டி ஒபாமா அவர் பெயரைச் சொல்லியிருந்தார். பத்திரிகையாளர் அமைப்புகள் விருது கொடுத்தன, கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. 2010 ஜனவரியில் ஜாமீன், மே மாதம் ஜனாதிபதி மன்னிப்பு. இருபது வருடம் என்று எழுதிய தீர்ப்பு எட்டு மாதத்தில் முடிந்தது.

இரண்டாவது, மன்னாரைச் சேர்ந்த அஹ்னாஃப் ஜசீம். ஆசிரியர், கவிஞர். 'நவரசம்' என்று ஒரு தமிழ்க் கவிதைத் தொகுப்பு போட்டிருந்தார். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த விசாரணைகளின் தொடர்ச்சியாக 2020 மே மாதம் அவரைப் பிடித்து, அந்தக் கவிதைகள் தீவிரவாதத்தைப் பரப்புகின்றன என்றார்கள். வெளியே இருந்தவர்கள் அந்தக் கவிதைகளை ஆங்கிலத்தில் கொண்டு வந்தார்கள். படித்துப் பார்த்தால் அவை வன்முறைக்கு எதிரானவை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் போர் என்று இருக்கும் இடத்தில், கவிதையாகப் படித்தால் போரைப் பழிப்பது தெரியும். தமிழ்க் கவிதை படித்துப் பழகிய யாருக்கும் அரை மணி நேரத்தில் புரியும் விஷயம் அது. அதற்குள் அவர் பத்தொன்பது மாதம் உள்ளே இருந்துவிட்டார். 2021 டிசம்பரில் ஜாமீன், 2023 டிசம்பரில் குற்றமற்றவர் என்று விடுதலை. சென்னையில் தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! ஒரு நல்ல மொழிபெயர்ப்பு, அதற்கு மேல் ஒரு பேராசிரியரின் இரண்டு பக்கக் கருத்துரை. இந்த இரண்டும் வழக்கறிஞர் கையில் மூன்றாம் மாதமே இருந்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். கையெழுத்து இயக்கத்தில் பத்தாயிரத்து ஒன்றாவது பெயராக இருப்பதைவிட அந்தக் கருத்துரையை எழுதுங்கள்.

அடுத்து நம் நாட்டுக் கைதிகள். இங்கே கடிதம் இரண்டாவது, நாள் கணக்கு முதலாவது. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று சொல்கிறோமே, 1982-இன் 14-ஆம் சட்டம், கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்களையும் ரவுடிகளையும் அடைக்க வந்த தடுப்புக் காவல் சட்டம். 2017 மே மாதம் மெரினாவில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடத்த முயன்ற திருமுருகன் காந்தி உள்ளிட்ட நால்வர் மேல் அதைப் பாய்ச்சினார்கள். அந்த ஜூலையில் துண்டறிக்கை கொடுத்த ஒரு கல்லூரி மாணவி மேலும் பாய்ந்தது. இரண்டு உத்தரவுகளையும் செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்தச் சட்டத்தில் வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: காவலில் வைத்த காரணத்தை ஐந்து நாளுக்குள் கைதிக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் அவருக்குத் தெரிந்த மொழியில். மூன்று வாரத்துக்குள் வழக்கு, காவல் உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் போக வேண்டும். ஏழு வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் உள்ளே வைக்கலாம். முதல் நாளே அரசுக்கு ஒரு மனு போய்விட வேண்டும், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில். ஏனென்றால் அந்த மனுவை அரசு தாமதமாகப் பார்த்தது என்பதும், ஆவணங்களைத் தமிழில் தரவில்லை என்பதும், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு ஜெயிப்பதற்கு வழக்கமான காரணங்கள். மனுவே போடவில்லை என்றால் தாமதம் எங்கிருந்து வரும்? பல குடும்பங்கள் இதைத் தெரியாமல் மாதக்கணக்கை இழக்கின்றன. நீங்கள் ஒரு குடும்பத்துக்கு அந்த முதல் மனுவைத் தட்டச்சு செய்து கொடுத்து, தபால் ரசீதைப் பத்திரப்படுத்தினாலே பெரிய உதவி.

யுஏபிஏ, அதாவது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், வேறு விலங்கு. அதன் 43டி(5) பிரிவால் ஜாமீன் கிடைப்பதே அரிது, விசாரணை முடிவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். 2021-இல் நஜீப் வழக்கில், விசாரணை அளவுக்கு மீறி இழுத்தால் அரசியல் சாசன நீதிமன்றங்கள் ஜாமீன் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு சிறு சன்னல். பாதிரியார் ஸ்டான் சுவாமிக்கு அந்தச் சன்னலும் திறக்கவில்லை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த மனிதர் அவர். ஜார்க்கண்டில் ஆதிவாசி இளைஞர்கள் வழக்குக்காக அலைந்தவரை 2020 அக்டோபர் 8-இல் ராஞ்சியில் பிடித்தார்கள். எண்பத்து மூன்று வயது, நடுக்குவாத நோய். தம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சு குழாய் வைத்த குவளை ஒன்று கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. நாடு முழுக்க முகம் தெரியாதவர்கள் குவளைகளை வாங்கி அனுப்ப ஆரம்பித்தார்கள். நானும் ஒன்று அனுப்பினேன். குவளை கிடைத்தது. விடுதலை கிடைக்கவில்லை. 2021 ஜூலை 5-இல் ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். அன்று ராத்திரி என் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே தேதி எழுத எனக்குக் கை வரவில்லை. மறுநாள்தான் எழுதினேன். கடிதம் எழுதினால் நடக்குமா என்று கேட்டீர்கள், இப்படியும் முடியும் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

வேலூர் சி.எம்.சி.யில் படித்த டாக்டர் பினாயக் சென் விஷயத்தில் வேறு மாதிரி. 2007 மே மாதம் சத்தீஸ்கரில் கைது. 2008-இல் நோபல் பரிசு பெற்ற 22 பேர் அவருக்காக எழுதினார்கள். 2009 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. மறுபடி 2010 டிசம்பரில் ஆயுள் தண்டனை, மறுபடி 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற ஜாமீன். வெளியே வந்துவிட்டார் என்று நோட்டை மூடியவர்கள் அந்த டிசம்பரில் அவசரமாகத் திறக்க வேண்டியிருந்தது.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்? ஒரே பக்கம். ஒரே ஆளைப் பற்றி. பெயர் சரியான எழுத்தில், எந்தச் சிறை, எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பிரிவில் என்று. வேண்டுகோள் ஒன்றே ஒன்று, உடனடியாக, நிபந்தனையில்லாமல் விடுவிக்கவும் என்று. அதுவரை மருத்துவமும் வக்கீலும் குடும்பச் சந்திப்பும் தரவும் என்று இன்னொரு வரி. 'மாண்புமிகு' போடுங்கள், அதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அந்த நாட்டு ஆட்சி எப்படிப்பட்டது என்று பாடம் எடுக்காதீர்கள். அந்த வரியைக் காட்டித்தான் முழுக் கடிதத்தையும் ஒதுக்குவார்கள். தெரியாததை எழுதாதீர்கள். ஒரு தேதி தவறாக இருந்தால் பதிலில் அந்தத் தேதியை மட்டும் மறுத்துவிட்டு முடித்துவிடுவார்கள். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், இப்படி முடித்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அச்சடித்த ஒரே வாசகத்தில் ஆயிரம் கையெழுத்து வந்தால் அது ஒரு தபால், ஒரு எண். உங்கள் சொந்த வாசகத்தில் பத்துப் பேர் தனித்தனியாக எழுதினால் பத்து எண். கைதிக்கே எழுதுவதானால் அந்த நாட்டு விதியைப் பாருங்கள். ரஷ்யச் சிறைகளில் தணிக்கை அதிகாரி எல்லாவற்றையும் படிப்பார், ரஷ்ய மொழியில் இல்லாத கடிதம் போய்ச் சேர்வது கஷ்டம். அதில் அரசியல் வேண்டாம், வானிலை, பூனைக்குட்டி, மழையில் நனைந்த மெரினா, இவை போதும்.

நகல் யாருக்கு? சென்னையில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. இலங்கைத் துணைத் தூதரகம் நுங்கம்பாக்கத்தில், ரஷ்யத் துணைத் தூதரகம் சாந்தோம் நெடுஞ்சாலையில். நேரில் போய்க் கொடுத்து முத்திரை வாங்கலாம். ஐ.நா.வில் தன்னிச்சையான காவல் குறித்த பணிக்குழு என்று ஒன்று 1991-இலிருந்து இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, குடும்பத்தின் சம்மதத்தோடு படிவம் நிரப்பி அனுப்பினால் சம்பந்தப்பட்ட அரசிடம் 60 நாளில் பதில் கேட்பார்கள். அவர்கள் தரும் கருத்துக்கு நாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை, ஆனால் அதற்குப் பிறகு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அதை மேற்கோள் காட்டலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அதற்குப் பிந்தினால் எடுக்க மாட்டார்கள்.

சம்மதம் என்றேன். இதில் நான் ஒரு முறை தவறு செய்தேன். பல வருடம் முன்பு, உள்ளே இருந்த ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து, அவர் மனைவியைக் கேட்காமல் ஒரு பத்திரிகைக்குச் சொல்லிவிட்டேன். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னேன். செய்தி வந்த வாரம் அந்த மனைவி சிறையில் கணவரைப் பார்க்கப் போனபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள், அடுத்த வாரமும் அப்படியே. கைக்குழந்தையோடு பஸ்ஸில் போய்த் திரும்பி வந்த அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "அண்ணா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அதற்குப் பிறகு வீட்டார் சரி என்று சொல்லாமல் ஒரு வரி வெளியே விட்டதில்லை. சில குடும்பங்களுக்குச் சத்தம் வேண்டும், சில குடும்பங்கள் உள்ளே பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருப்பதால் அமைதி கேட்பார்கள். அனுபவிப்பவர்கள் அவர்கள், முடிவும் அவர்களுடையது.

உங்கள் மேல் கேஸ் வருமா? ஒருவரை விடச் சொல்லி அரசுக்கு மனு எழுதுவது குற்றம் அல்ல, அது அரசியல் சாசனம் கொடுத்த உரிமை. ஆனால் கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு. அவருடைய விடுதலையைக் கேளுங்கள், அவர் இருந்த அமைப்புக்குப் பிரச்சாரம் செய்யாதீர்கள். அமைப்பு தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வாங்காதீர்கள், ஒரு ரூபாய்கூட. ஆம்னஸ்டியின் இந்தியப் பிரிவே வங்கிக் கணக்கு முடக்கத்தால் 2020 செப்டம்பரில் வேலையை நிறுத்தியது. தெருவில் கூடுவதானால் நகரக் காவல் சட்டம் 41-ஆம் பிரிவின்படி ஐந்து நாள் முன்னதாக அனுமதி கேட்க வேண்டும். வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் பக்கம் கிடைக்கும், மெரினாவில் கிடைக்காது. பத்துப் பேர்தான் வருவார்கள் என்றால் ஆர்ப்பாட்டம் வேண்டாம், ஒரு வீட்டு ஹாலில் உட்கார்ந்து பத்துக் கடிதம் எழுதுங்கள் என்பது என் யோசனை. எங்கள் வீட்டில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அதுதான் நடக்கிறது.

எத்தனை நாள் எழுதுவது என்று கேட்டீர்கள். திசைநாயகத்துக்கு ஜாமீன் வர இருபத்திரண்டு மாதம் ஆனது, ஜசீமுக்குப் பத்தொன்பது, பினாயக் சென்னுக்கு முதல் தடவை இரண்டு வருடம். ஆகவே மூன்று வருடத்துக்குத் திட்டம் போட்டு ஆரம்பியுங்கள். மாதம் ஒரு கடிதம் போதும், ஆனால் எந்த மாதமும் தவறக்கூடாது. முதல் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்துத் தபால் ரசீதோடு நோட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த மாதம் நினைவூட்டு எழுதும்போது 'பார்வை' என்ற இடத்தில் அந்தத் தேதியைக் குறிப்பிட வேண்டும்.